புளிய மரத்தில் இசக்கிமுருகன்!

"அய்யோ...!"

சித்ரலேகாவின் அலறல் மஞ்சப்பொத்தைக் குன்றின் அடிவாரத்தையே ஓர் உலுக்கு உலுக்கியது.

உச்சி வெயில். கண்ணுக்கு எட்டிய வரை வரிசை வரிசையாக மூன்று வயதுத் தைல மரங்கள். நடுவில் தன்னந்தனியாக ஒரு கிழட்டுப் புளிய மரம். அதன் தூரில் கை வைத்தவள்தான் அப்படி அலறினாள்.

இன்ஸ்பெக்டர் கோமதிசங்கர் ஓடினார். பின்னாலேயே ஏட்டு தாஜ் முகம்மது, தொந்தியைப் பிடித்துக்கொண்டு.

"என்னம்மா? பாம்பா?"

"பாம்பு இல்ல சார்... அங்க பாருங்க!"

பார்த்தார்.

மரத்தில் ஒரு ஆணி. விரல் தடிமன். இன்னும் துருப்பிடிக்காத புது ஆணி.

ஆணிக்கு அடியில் அறையப்பட்டு... ஒரு கொத்துத் தலைமுடி!

இலை அசையாத அந்த வெயிலில் அது மட்டும் லேசாக ஆடிக்கொண்டிருந்தது.

அளவு நாடாவோடு நின்ற ஹெல்கா, என்னவென்று ஆங்கிலத்தில் கேட்டாள். ஆறடி உயரம், வெந்து சிவந்த மூக்கு. ஐரோப்பாவில் நிலக்கரி எரித்து மின்சாரம் தயாரிக்கும் ஒரு பெரிய கம்பெனி, இந்தத் தோப்பைச் சோதிக்க அனுப்பிய நிபுணர் அவள். சித்ரலேகா அவளுக்கு மொழிபெயர்ப்பாளர். பாளையங்கோட்டையில் ஆங்கிலம் நடத்துகிறவள். ஆங்கிலம் நடத்துகிற வாயில் இப்போது தமிழே ஒழுங்காக வரவில்லை.

"பேய் பிடிச்ச ஆளோட முடிய எடுத்து, மரத்துல ஆணி அடிச்சு, பேயக் கட்டிப் போட்டுருக்காவ சார். அதுல போயி கைய வச்சுட்டேனே!"

"சும்மா இருங்க மேடம்! வெள்ளைக்காரி முன்னால மானத்த வாங்காதீங்க!"

சீறியவன் கணேஷ்ராம். டெல்லியில் படித்துவிட்டு வந்தவன். இந்தத் தோப்பை வளர்க்கும் பொதிகைப் பசுமை அறக்கட்டளைக்கு மேனேஜர். தலைவர் சங்கரசுப்பிரமணியன் அவனுக்குத் தாய்மாமா. கறுப்புக் கண்ணாடி, காதுவரை இழுத்துவிட்ட கிரிக்கெட் தொப்பி என்று பார்க்க சினிமாக்காரன் மாதிரி இருப்பான்.

ஹெல்காவிடம் திரும்பி, பட்டிக்காட்டு மூடநம்பிக்கை என்று அழகான ஆங்கிலத்தில் சிரித்தான்.

ஹெல்கா சிரிக்கவில்லை. மரத்தைச் சுற்றி நாடாவை ஓட்டினாள். எழுந்து நின்று ஏதோ கேட்டாள்.

"மத்த மரமெல்லாம் மூணு வயசு, இது மட்டும் நூறு வயசு. இதுக்கு முன்னால இந்த எடத்துல என்ன இருந்துச்சுன்னு கேக்காங்க," என்றாள் சித்ரலேகா.

"ஒண்ணுமில்ல! மொட்டைப் பொத்தை!" அவசரமாகச் சொன்னான் கணேஷ்ராம்.

அப்போதுதான் அது கேட்டது.

"ஹேய்ய்ய்... த்தா... த்தா... த்தா... ஹேய்ய்ய்!"

தைல மரங்களுக்குள்ளிருந்து ஒரு குரல். ஆட்டைத் திருப்புகிற இடையன் குரல்!

ஆடா? இந்த வேலிக்குள் ஆடு கால் வைத்தே மூன்று வருஷம் ஆயிற்று.

தாஜ் முகம்மதுவின் முகம் வெளுத்தது. "சார்... இது இசக்கிமுருகன் குரலுல்லா!"

"எந்த இசக்கிமுருகன் வே?"

"இந்தத் தோப்பு வாச்மேன் சார். முந்தி இதே பொத்தையில ஆடு மேய்ச்சவன். ரெண்டு மாசமா ஆளக் காணலன்னு அவன் பொண்டாட்டி வந்து வந்து அழுதாளே!"

கோமதிசங்கர் மரங்களுக்குள் பாய்ந்தார். வரிசை வரிசையாகத் தேடினார். ஒரு குஞ்சு குருவி இல்லை. காய்ந்த இலை நொறுங்கும் சத்தமும் அவருடைய மூச்சும்தான். முதுகில் வியர்வை சில்லென்று இறங்கியது. பயம்தான். போலீஸ்காரருக்கும் முதுகெலும்பு ஒன்றுதானே!

திரும்பி வந்தபோது கணேஷ்ராமின் ஒரு கை தொப்பியை அமுக்கிப் பிடித்துக்கொண்டிருந்தது.

"என்ன கணேஷ்ராம் சார், வேர்க்குது?"

"வெ... வெயில்."

"இசக்கிமுருகன நீங்கதான பஸ் ஏத்திவிட்டதா சொன்னீய?"

"ஆமா. புனலூர் பஸ். ரப்பர் தோட்டத்துல வேலை கெடச்சிருக்குன்னான். நானே ஏத்திவிட்டேன். அங்க எவளையாவது சேர்த்துக்கிட்டிருப்பான். விடுங்க சார்."

"ஆளு புனலூர்ல இருந்தா, குரல் இங்கன எப்படி வரும்?"

கணேஷ்ராம் ஹெல்காவைக் கூட்டிக்கொண்டு ஜீப்பை நோக்கி ஓட்டமும் நடையுமாகப் போனான்.

---

வேலிக் கதவருகில் ஒரு பெண் நின்றாள். முப்பிடாதி. இசக்கிமுருகனின் மனைவி. ஓடி வந்தவள் போல மூச்சு இரைத்தது.

"அய்யா... இன்னிக்குச் சாயங்காலம் கையெழுத்தாமுல்லா?"

"ஆமா, வெள்ளைக்காரக் கம்பெனியோட ஒப்பந்தம். அதுக்குத்தான் கலெக்டர் எங்கள பந்தோபஸ்துக்கு அனுப்பிருக்காரு. அதுக்கென்ன?"

"கையெழுத்து விழுந்தா முப்பது வருசத்துக்கு இந்த மண்ணுல ஒருத்தரும் மம்பட்டி போடக் கூடாதாமே! எங்க வீட்டு ஆளு இதுக்குள்ளதான் கெடக்காரு அய்யா. எனக்குத் தெரியும். இன்னிக்கு விட்டா அவர் எலும்பக்கூட நான் பாக்க முடியாது."

"புனலூர்ல இருக்கான்னு சொல்லுதாவளே."

"என்கிட்ட சொல்லாம அடுத்த தெருவுக்குப் போவ மாட்டாரு. புனலூருக்கா போவாரு?"

அவள் அழவில்லை. அழுது முடித்தவள் முகம் அது. எத்தனையோ தடவை ஸ்டேஷனுக்கு வந்தாள். புருஷன் ஓடிப்போனதற்கெல்லாம் கேஸ் எழுத முடியாது என்று கோமதிசங்கரே விரட்டியிருக்கிறார். இன்றைக்கு அவர் விரட்டாமல் போலீஸ் ஜீப்பை நோக்கி நடந்தார்.

ஜீப்பில் ஏறியதும் தாஜ் முகம்மது கேட்டார். "சார், எனக்கு ஒண்ணு வெளங்கல. சீமையில கரண்டு கம்பெனி நடத்துதவன் நம்ம ஊருல எதுக்கு மரம் வைக்கான்?"

"போன டிசம்பர்ல ஜப்பான்ல கியோட்டோன்னு ஒரு ஊருல உலகமே கூடிப் பேசுனாவல்லா? பணக்கார நாடெல்லாம் புகையக் கொறைக்கணும்னு. அங்க அடுப்ப மாத்தணும்னா கோடி கோடியா செலவு. இங்கன மரம் வச்சா அந்தப் புகைய மரம் குடிச்சிரும். செலவும் கொஞ்சம்தான். இப்போதைக்குச் சோதனைத் திட்டம். நல்லா நடந்தா நாளைக்கு ஊரு ஊருக்கு வரும்."

"அப்போ அவன் விருந்து சாப்பிடுவான், விரதம் நாம இருக்கணும். புண்ணியம் மட்டும் அவனுக்கா?"

"வே, உம்மள கியோட்டோவுக்கு அனுப்பிருக்கணும்."

"போங்க சார்! மந்திரி வந்து முதல் கன்னு நட்டாரே, ஞாபகம் இருக்கா? அது மட்டும் பட்டுப் போச்சு."

கோமதிசங்கருக்குச் சிரிப்பு வரவில்லை. காதுக்குள் அந்தக் குரல் இன்னும் ஆட்டைக் கூப்பிட்டுக்கொண்டிருந்தது.

"வண்டிய விக்கிரமசிங்கபுரத்துக்கு விடும். இந்தச் சுத்துவட்டாரத்துல ஆணி அடிக்கிற கோடாங்கி யாரு?"

"கருத்தையா ஒருத்தன்தான் சார்."

---

மில் சங்கு ஊதி, சைக்கிள்கள் சாரி சாரியாக வெளியே வந்தன. அதில் ஒன்றிலிருந்து இறங்கினான் கருத்தையா. பகலில் மில்லில் நூல் சுற்றுவான். ஷிப்டு முடிந்தால் பேய் ஓட்டுவான். தலையில் பஞ்சுத் தூசி, நெற்றியில் காலணா அளவு குங்குமம்.

டீக்கடை பெஞ்சில் உட்கார வைத்தார் கோமதிசங்கர்.

"மஞ்சப்பொத்தைப் புளியில ஆணி அடிச்சது நீதானலே?"

"ஆமா சாமி. மரத்துக்கு வலிக்கும்னு புதுசா ஏதும் சட்டம் வந்துருக்கா?"

"யாரு முடி அது?"

"அத மட்டும் கேக்காதீய. சீக்காளி பேர டாக்டரு வெளிய சொல்லுவாரா? எங்க தொழிலுக்கும் அந்த நேர்மை உண்டு."

"சரி. பிடிச்ச பேயி யாரு? அதையாவது சொல்லு."

"அத தாராளமா சொல்லுதேன். பேய்க்கு என்ன ரகசியம்? செத்த ஆளோட பேரச் சொல்லித்தான் ஆணிய எறக்கணும். பேரு தெரியாம அடிச்சா பேயி நிக்காது. வந்தவுக காதுல சொன்னாவ. நான் ஒவ்வொரு அடிக்கும் அந்தப் பேரச் சொல்லி அடிச்சேன்."

"என்ன பேரு?"

"இசக்கிமுருகன். மஞ்சப்பொத்தை வாச்மேனாம்."

தாஜ் முகம்மது கையில் டீ கிளாஸ் பாதி வழியில் நின்றது.

கோமதிசங்கர் பைய, மிகப் பைய, கேட்டார். "அவன் செத்துட்டான்னு உனக்கு யாருலே சொன்னா?"

"நல்லா கேட்டிய போங்க! செத்தாத்தான சாமி பேயி? உசுரோட இருக்கவன் பேரச் சொல்லி ஆணி அடிக்க எவனுக்காவது கோட்டியா பிடிச்சிருக்கு?"

"கருத்தையா... ஊரு உலகத்துக்கே அவன் புனலூர்ல உசுரோட இருக்கான். அவன் பொண்டாட்டிக்கே துப்புக் கெடையாது. செத்துட்டான்னு ஒரே ஒரு ஆளுக்குத்தான் தெரிஞ்சிருக்கும்!"

கோடாங்கிக்குப் புரிய ஒரு நிமிஷம் பிடித்தது.

புரிந்ததும் குங்குமத்தோடு முகம் முழுக்க வியர்த்தது. எத்தனையோ பேயைப் பார்த்தவன். கொலைகாரனை இப்போதுதான் பார்த்திருக்கிறான் போல!

"அடப்பாவி! மத்தியானமானா ஆடு கூப்பிடுத சத்தம் கேக்கு, பீடி வாசம் வருது, கண்ண மூட முடியலன்னு காலப் பிடிச்சு அழுதாவளே!"

"யாருலே அது? சொல்லு!"

"குங்குமத்துல அடிச்சு வாக்குக் குடுத்துட்டேன் சாமி. வாயால சொல்ல மாட்டேன்." எச்சில் விழுங்கினான். "ஆனா உச்சந்தலையில ஒரு கொத்து வேரோட பிடுங்குனேன். இன்னும் மொளைச்சிருக்காது. தலை தலையா பாத்துக்கிடுங்க."

கோமதிசங்கர் எழுந்துவிட்டார். ஏட்டு, டீயை அப்படியே வைத்துவிட்டு ஓடினார். அவர் வாழ்க்கையில் அது முதல் தடவை!

---

அறக்கட்டளை பங்களா. வாசலில் வாழை மரம், உள்ளே மைக், மேஜையில் பூங்கொத்து. நாலு மணி ஆகப் போகிறது.

"இந்தப் பொதிகை மண், உலகத்தின் புகையை எல்லாம் குடிக்கும் திருநீலகண்டம்!" சங்கரசுப்பிரமணியன் முழங்கிக்கொண்டிருந்தார். பட்டை விபூதி. பழைய பண்ணையார். நிலமெல்லாம் போய், இப்போது அறக்கட்டளை.

மேஜையில் ஒப்பந்தம். ஹெல்கா பேனா மூடியைத் திறந்தாள்.

"மேடம்! ஒரு நிமிஷம்!"

வாசலில் கோமதிசங்கர்.

"என்ன இன்ஸ்பெக்டர் இது? சுபகாரியத்துல வந்து?" சங்கரசுப்பிரமணியன் அதட்டினார்.

"மன்னிச்சிருங்க அண்ணாச்சி. இங்க இருக்கவங்க தலையெல்லாம் பாக்கணும்."

"தலையையா?"

தாஜ் முகம்மது இன்ஸ்பெக்டர் காதில் கிசுகிசுத்தார். "சார், அண்ணாச்சிய விட்டுருங்க. அங்க பிடுங்க ஏதும் பாக்கி இல்ல."

சங்கரசுப்பிரமணியனின் முழு வழுக்கை டியூப் லைட்டில் பளபளத்தது.

கோமதிசங்கர் நேராகக் கணேஷ்ராம் முன்னால் போய் நின்றார். "வீட்டுக்குள்ள எதுக்கு சார் தொப்பி?"

"அது... ஸ்டைல்."

"கழத்துங்க."

"முடியாது! எங்க மாமா யார் தெரியும்ல? மந்திரிக்கு போன் போட்டா..."

ஏட்டு பேச்சுக்குக் காத்திருக்கவில்லை. ஒரே இழுப்பு!

அடர்ந்த கறுப்பு முடி. நடு உச்சியில் மட்டும்... ரூபாய் நாணயம் அளவுக்குச் சிவந்த மொட்டை!

கணேஷ்ராம் குழறினான். "முடி கொட்டுது. டெல்லித் தண்ணி ஒத்துக்கல..."

"டெல்லித் தண்ணி காம்பஸ் வச்சு வட்டமாவா கொட்டும்?"

"இதுக்கும் கொலைக்கும் என்ன சார் சம்பந்தம்?"

கோமதிசங்கர் சிரித்தார்.

"நான் இன்னும் கொலைன்னே சொல்லலியே கணேஷ்ராம்!"

அவன் சமாளித்துவிடுவான் போலத்தான் இருந்தது. வக்கீல் என்றான், போன் என்றான்.

அந்த நேரம் ஜன்னலுக்கு வெளியே...

"ஹேய்ய்ய்... த்தா... த்தா... த்தா... ஹேய்ய்ய்!"

"வந்துட்டான்!" கணேஷ்ராம் வீறிட்டான். இரண்டு காதையும் பொத்திக்கொண்டு மேஜைக்கு அடியில் புகுந்தான். "மரத்துல கட்டியாச்சுன்னு சொன்னானே! கரிக்குழியில பொதைச்சவன் இங்க எப்படி வந்தான்? மாமா, அவனப் போகச் சொல்லுங்க மாமா!"

பூங்கொத்து உருண்டு விழுந்தது. யாரும் எடுக்கவில்லை.

பிறகு எல்லாம் கொட்டியது. விசும்பலும் எச்சிலுமாக.

மஞ்சப்பொத்தை மொட்டையாக இருந்ததே இல்லை. உசிலையும் வேம்பும் மண்டிய காடு. ஆட்டுக்கு மேய்ச்சல், ஊருக்கு விறகு. ஆனால் வெறும் தரையில் புதிதாக மரம் வைத்தால்தான் கம்பெனி காசு தரும். அதனால்... வெட்டி, மூட்டம் போட்டு, கரியாக்கி, லாரியில் ஏற்றி, தரையை வெறும் தரை ஆக்கிவிட்டான் கணேஷ்ராம்! பேய்க்குப் பயந்து ஆட்கள் தொட மறுத்த புளிய மரம் மட்டும் தப்பியது.

"வாச்மேன் சோலி குடுத்ததால இசக்கிமுருகன் வாய மூடிக்கிட்டு இருந்தான். வெள்ளைக்காரி வாரான்னு தெரிஞ்சதும், 'காடு இருந்துச்சுன்னு சொல்லிருவேன், எங்க ஆட்டுக்கு எடத்தத் திருப்பிக் குடுங்க'ன்னான். மம்பட்டியால ஒரே ஒரு அடிதான் சார்..."

சித்ரலேகா மொழிபெயர்த்தாள். ஹெல்கா சங்கரசுப்பிரமணியனைப் பார்த்து ஆங்கிலத்தில் கேட்டாள்.

"எங்க புகையைக் குடிக்க, நீங்க ஒரு காட்டையே புகைய வச்சீங்களா?"

சங்கரசுப்பிரமணியன் தலையைக் குனிந்தார். "நான் எதையும் கேக்கல. கேட்டா திட்டம் நின்னுருமேன்னு கேக்கல."

ஹெல்கா பேனாவை மூடினாள்.

---

வெயில் சாய்வதற்குள் குழியைத் தோண்டிவிட்டார்கள். புளிய மரத்துக்குக் கிழக்கே, பழைய கரிமூட்டம் போட்ட இடம். மேலே அடையாளம் தெரியாமல் இருக்க ஒரு தைலக் கன்று.

முதலில் வாச்மேனின் காக்கிச் சட்டை வந்தது. மூன்றாவது பட்டன் சிவப்பு நூலால் தைத்திருந்தது.

"நான் தைச்சது," என்றாள் முப்பிடாதி. "காக்கி நூலு இல்லன்னு சொன்னேன். பரவால்ல, நீ தைச்சதுன்னு தெரியட்டும்னு சொன்னாவ."

அவ்வளவுதான். மண்ணில் உட்கார்ந்து நெஞ்சில் அடித்துக்கொண்டு அழுதாள். அழுது முடித்தவள் முகம் என்று மதியம் நினைத்தோமே, அது தப்பு. அவள் இன்னும் ஆரம்பிக்கவே இல்லை. பார்த்துக்கொண்டிருந்த ஹெல்காவும் அழுதாள். அதற்கு மொழிபெயர்ப்பு தேவைப்படவில்லை.

வெகு நேரம் கழித்துக் கோமதிசங்கர் அவள் பக்கத்தில் வந்து நின்றார். தொப்பி கையில் இருந்தது.

"முப்பிடாதி, என்ன மன்னிச்சிரு. நான் வெரட்டுனேன். உம்புருசனே வந்து குரல் குடுத்து நியாயம் வாங்கிட்டான்."

முப்பிடாதி நிமிர்ந்து பார்த்தாள். கண்ணைத் துடைத்தாள்.

வாயைக் குவித்தாள்.

"ஹேய்ய்ய்... த்தா... த்தா... த்தா... ஹேய்ய்ய்!"

அச்சு அசல் இசக்கிமுருகன்!

தாஜ் முகம்மது இரண்டடி பின்னால் குதித்து மண்வெட்டி மேல் விழுந்தார்.

"நீயா...?"

"நானும் ஆடு மேய்ச்சவதான சார்? அவுக எனக்குப் பழக்கிவிட்ட குரலு. உசுரோட இருக்கவ மனு குடுத்தா எவரும் கேக்கல. சரி, செத்தவரே கேக்கட்டும்னு தெனமும் மத்தியானம் ஒவ்வொரு வீட்டு ஜன்னலுக்குப் பொறத்தாலயும் நின்னு கூப்பிட்டேன். அவுக குடிக்கிற பீடியப் பத்த வச்சுப் போட்டேன். குத்தம் உள்ளவன் ஒறங்க மாட்டாம்லா?"

"எல்லா வீட்டுலயுமா?"

"அண்ணாச்சி வீட்டுல கூப்பிட்டேன். வேலிக்குள்ள எவன்லே ஆட்ட விட்டதுன்னு வைதாவ. ஒங்க குவார்ட்டர்ஸ்லயும் வந்து கூப்பிட்டேன் சார்."

"நான்... என்ன செஞ்சேன்?"

"ஜன்னலச் சாத்திட்டு நல்லா ஒறங்கிட்டிய."

கோமதிசங்கருக்கு அறை வாங்கியது போல இருந்தது. வாங்க வேண்டிய அறைதான்.

ஹெல்கா ஏதோ நீளமாகச் சொன்னாள். "கம்பெனிக்கு எல்லாத்தையும் எழுதப் போறாங்களாம்," என்றாள் சித்ரலேகா. "திட்டம் ரத்தாயிரும். காடு எரிஞ்சது அவங்க பெரிய அதிகாரிக்குத் தெரியாதாம். அவரு மரத்துக்குக் காசு குடுத்தாராம், முன்னால என்ன இருந்துச்சுன்னு கேக்கலியாம்."

"புகை இன்னும் வருதாம்மா அங்க?" முப்பிடாதி கேட்டாள்.

"வருது."

"அந்தப் பெரிய அதிகாரி நல்லா ஒறங்குதாரா? கேட்டுச் சொல்லுங்க."

சித்ரலேகா கேட்டாள். ஹெல்கா தயங்கி, ஆமாம் என்று தலையசைத்தாள்.

முப்பிடாதி எழுந்தாள். சேலை மண்ணைத் தட்டினாள். முந்தானையை இடுப்பில் இறுக்கிச் செருகினாள்.

"அந்த ஊருக்கு பஸ்ஸு எங்கன ஏறணும் சார்? ஜங்ஷன்ல எறங்கி மாறணுமா?"